மழை நாட்டில் ஹோஸ் பைப்புக்குத் தடை: இங்கிலாந்துக்காரர்களின் கோபம் எதன் மேல்?

கேள்வி: "என் அக்கா குடும்பம் ஆக்ஸ்போர்டில் இருக்கிறது. 2025 கோடையில் ஹோஸ் பைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை போட்டுவிட்டார்களாம். வருஷம் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும் ஊரில் தண்ணீர்ப் பஞ்சம் எப்படி வரும்? குழாயில்தான் நாள் முழுக்கத் தண்ணீர் வருகிறதே, செடிக்கு ஹோஸ் பிடிக்காதே என்றதற்கா அங்கே இவ்வளவு கொந்தளிப்பு? அக்கா பின்பக்கத்தில் பூசணி, பீன்ஸ், கீரை எல்லாம் போட்டிருக்கிறாள். மறுபடி தடை வந்தால் என்ன செய்வாள்?"

பதில்:

முதலில் "மழை நாடு" என்ற பேச்சை முடித்துவிடலாம். லண்டனில் ஆண்டுக்குப் பெய்வது ஏறக்குறைய 600 மில்லிமீட்டர். சென்னையில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் பெய்கிறது. சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். இங்கே இங்கிலாந்தில் பன்னிரண்டு மாதமும் பிசுபிசுவென்று தூறும். நனைகிற நாள் அதிகம், தேறுகிற தண்ணீர் கம்மி. வேல்ஸ் மலைகளிலும் ஸ்காட்லாந்தின் மேற்கிலும் பிய்த்துக்கொண்டு பெய்யும். ஆனால் ஜனம் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்வது தென்கிழக்கில். நாட்டிலேயே மழை குறைந்த பகுதிகளில் அதுவும் ஒன்று.

அந்தத் தென்கிழக்கில் குடிக்கிற தண்ணீரில் பெரும்பங்கு சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறி நிற்கும் நிலத்தடி நீர். அது நிரம்புவது அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள் பெய்கிற மழையில்தான். ஏப்ரல் பிறந்துவிட்டால் மரமும் புல்லும் உறிஞ்சியதுபோக மிச்சத்தை வெயில் எடுத்துக்கொள்ளும். ஜூலையில் ஒரு வாரம் விடாமல் பெய்தாலும் பாறைக்குப் பெரிதாக எதுவும் போய்ச் சேராது. அணைகளிலும் ஏறத்தாழ இதே கதைதான்: காய்ந்த மண் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொண்ட பிறகே ஓடைக்கு விடும். "வெளியே கொட்டுகிறதே, தடையை இன்னும் ஏன் எடுக்கவில்லை?" என்று ஒவ்வொரு தடவையும் கிளம்பும் சத்தத்துக்கு இதுதான் பதில். யார்க்‌ஷயரில் 2025 ஜூலை 11 அன்று வந்த தடை டிசம்பரில்தான் விலகியது. கார்ன்வாலில் 2022 ஆகஸ்டில் போட்டதை 2023 செப்டம்பரில் எடுத்தார்கள். நடுவே ஒரு முழுக் குளிர்காலம் குடையோடு கழிந்திருந்தது. காரணம் சரியானதே. ஆனாலும் மழையில் நனைந்துகொண்டே "வறட்சித் தடை அமலில் உள்ளது" என்ற கடிதத்தைப் படிப்பவனுக்கு எரிச்சல் வரத்தான் செய்யும்.

வடக்கே நார்தம்பர்லாந்தில் கீல்டர் என்று ஓர் ஏரி இருக்கிறது. 1982-இல் திறந்தார்கள், கொள்ளளவில் பிரிட்டனிலேயே பெரிய செயற்கை ஏரி அதுதான். வரப்போவதாக நம்பிய கனரகத் தொழிற்சாலைகளை எண்ணிக் கட்டினார்கள். அவை எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. ஆகவே வடகிழக்கில் தண்ணீருக்குக் குறைவில்லை. அதைத் தெற்கே கொண்டுவரலாமே என்று ஒவ்வொரு வறட்சியிலும் யாராவது கேட்பார்கள். நம் ஊர் நதிநீர் இணைப்புப் பேச்சு மாதிரி, இங்கும் அது கிளம்பும், அடங்கும். தண்ணீர் கனமான சரக்கு. ஒரு கன மீட்டர் ஒரு டன். மின்சாரம் போல் கம்பியில் அனுப்ப முடியாது, மேட்டில் பம்ப் செய்து ஏற்ற வேண்டும். நாடு தழுவிய குழாய் வலை இங்கே கிடையாது.

இனி தடை. சட்டத்தில் இதற்குத் "தற்காலிகப் பயன்பாட்டுத் தடை" என்று பெயர், 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்தது. ஹோஸ் வைத்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சுவது, சொந்தக் காரைக் கழுவுவது, குழந்தைகளின் நீச்சல் தொட்டியை நிரப்புவது, சுவரையும் நடைபாதையையும் பீய்ச்சிக் கழுவுவது என்று ஒரு பட்டியல். மீறினால் 1,000 பவுண்டு வரை அபராதம். நடைமுறையில் அபராதம் கட்டிய ஆளை நான் பார்த்ததில்லை. அடுத்த வீட்டுக்காரர் போட்டுக்கொடுப்பதும், ஒரு எச்சரிக்கைக் கடிதம் வருவதுமாக முடிந்துவிடும். நம் ஆட்கள் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. இந்தத் தடையைப் போடுவது அரசாங்கம் இல்லை, தண்ணீர் விற்கும் தனியார் நிறுவனம். தன்னிடம் காசு கொடுத்து வாங்குகிறவரைப் பார்த்து, "இப்படிப் பயன்படுத்தினால் குற்றம்" என்று சொல்லும் அதிகாரத்தைச் சட்டம் ஒரு கம்பெனிக்குக் கொடுத்திருக்கிறது. பிடிக்கவில்லை என்று வேறு கம்பெனிக்கு மாறவும் முடியாது. உங்கள் பின்கோடுக்கு எந்தக் கம்பெனியோ அதுதான், ஆயுசு முழுக்க.

தடையில் அர்த்தமே இல்லையா என்றால், இருக்கிறது. இங்கே ஆள் ஒருவருக்கு நாளைக்குச் சுமார் 140 லிட்டர் செலவாகிறது. ஒரு ஹோஸ் பைப் மணிக்கு 1,000 லிட்டர் வரை கொட்டும். நான்கு பேர் உள்ள வீட்டின் ஏறக்குறைய இரண்டு நாள் தண்ணீர் ஒரு மணி நேரப் புல்வெளிக் குளியலில் போய்விடும். அதுவும் எல்லோரும் ஒரே நேரத்தில், வெயில் தாழ்ந்த சாயங்காலத்தில் திறப்பார்கள். என்னைக் கேட்டால், தடை நியாயமானது. புல் காய்ந்தால் செப்டம்பரில் தானாகப் பச்சை பிடித்துவிடும்.

பிறகு ஏன் கோபம் என்று கேட்பீர்கள். கசிவுதான் காரணம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குழாய்களிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 300 கோடி லிட்டர் மண்ணுக்குள் போகிறது. விநியோகத்துக்கு அனுப்புவதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. லண்டனுக்கும் உங்கள் அக்கா ஊருக்கும் தண்ணீர் தரும் தேம்ஸ் வாட்டரில் மட்டும் சமீப ஆண்டுகளில் நாளுக்கு 57 கோடி லிட்டர் அளவில் இருந்திருக்கிறது. நான் சில காலம் கசிவு தேடும் ஒப்பந்தக் குழு ஒன்றில் வேலை பார்த்தவன், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கசிவைத் தேடுவது ராத்திரி வேலை. இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவில் ஊர் தூங்கும்போது ஒரு பகுதிக்குள் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று மீட்டரில் பார்ப்பார்கள். யாரும் குளிக்காத, துவைக்காத நேரத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் அதில் பெரும்பகுதி கசிவு. பிறகு தெருவில் இறங்கி, ஒரு நீளக் கம்பியின் நுனியை வீட்டு வாசல் வால்வின் மேல் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும். ஓட்டை இருந்தால் உஸ்ஸென்று ஒரு சீறல் கேட்கும். அடுத்த வால்வில் சத்தம் கூடுகிறதா, குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்து இடத்தைக் குறுக்க வேண்டும். இப்போது சத்தத்தைப் பதிந்து அனுப்பும் கருவிகள் வந்துவிட்டாலும் கம்பி ஒழியவில்லை.

லண்டனுக்குக் கீழே களிமண். அதற்குள் விக்டோரியா ராணி காலத்து வார்ப்பிரும்புக் குழாய்கள் இன்னும் நிறையக் கிடக்கின்றன. வறட்சியில் களிமண் சுருங்கி விலகும்போது, வளையத் தெரியாத அந்த இரும்பு மளுக்கென்று முறியும். ஆக, தண்ணீர் எப்போது மிகவும் அருமையோ அப்போதுதான் புதுக் கசிவுகள் கூடுகின்றன. மற்ற நாளில் ஈரத் தெருவில் யார் கண்ணிலும் படாத கசிவு, காய்ந்து வெளுத்த ஜூலைத் தெருவில் வெள்ளிக் கோடு மாதிரி ஓடும்.

அதன் பிறகு நடப்பதை நான் எத்தனையோ தெருக்களில் பார்த்திருக்கிறேன். யாரோ போன் செய்கிறார்கள். ஓர் ஆள் வந்து பார்த்து, தார்ச்சாலையில் நீலப் பெயின்டால் அம்புக்குறி போட்டு, பிளாஸ்டிக் தடுப்பு இரண்டை நிறுத்திவிட்டுப் போகிறார். தோண்டுவதற்குக் கவுன்சிலிடம் அனுமதி வாங்க வேண்டும். கேஸ் குழாய் எங்கே, மின்சாரக் கேபிள் எங்கே என்று வரைபடம் பார்க்க வேண்டும். போக்குவரத்து விளக்கு வைக்க ஆள் வர வேண்டும். பெரிய உடைப்பென்றால் உடனே வந்துவிடுவார்கள். சிறியது வரிசையில் நிற்கும். நாட்கள் போகும். நீல அம்புக்குறி மங்கிக்கொண்டு வரும், தண்ணீர் அதன் மேலேயே ஓடும். எதிர் வீட்டுப் பாட்டி பூவாளியில் தண்ணீர் பிடித்து ரோஜாவுக்கு ஊற்றிக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பாட்டியின் கோபத்தை "ஹோஸுக்காகவா இவ்வளவு?" என்று கேட்டால் எப்படி?

பல ஆண்டுகள் இந்தத் துறையில் ஒரு கணக்கு இருந்தது. கசிவை அடைக்க ஆகும் செலவு, கசியும் தண்ணீரின் மதிப்பைவிடக் கூடுதலாகும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்று. அதற்குப் "பொருளாதார மட்டம்" என்று பெயரும் வைத்து, கண்காணிப்பு அமைப்பான ஆஃப்வாட்டே ஏற்றுக்கொண்டிருந்தது. பேப்பரில் பார்த்தால் தப்புச் சொல்ல முடியாது. ஆனால் அதே கம்பெனி வாடிக்கையாளரிடம் வரும்போது, "ஒவ்வொரு சொட்டும் முக்கியம்" என்று எழுதுகிறது. அதன் குழாயில் போகும் சொட்டுக்கு ஒரு விலை, அக்காவின் குழாயில் வரும் சொட்டுக்கு வேறு விலை. தடை போடுவதற்குக் கம்பெனிக்குப் பெரிய செலவு எதுவும் கிடையாது. பில்லில் தள்ளுபடியும் தர வேண்டியதில்லை. குழாய் மாற்றுவதும் அணை கட்டுவதும் ஆயிரக்கணக்கான கோடி. மலிவான வழி முதலில் வருவது வியாபார இயல்பு. அந்த மலிவான வழியில் வருத்திக்கொள்கிறவர் ஒவ்வொரு முறையும் வாடிக்கையாளர்தான். எனக்குத் தடையோடு சண்டை இல்லை, இந்த வரிசையோடுதான் சண்டை.

பணக் கதையும் சேரும்போது கோபம் முற்றிவிடுகிறது. 1989-இல் மார்கரெட் தாட்சர் அரசாங்கம் இங்கிலாந்து, வேல்ஸின் தண்ணீர் வாரியங்களைத் தனியாருக்கு விற்றது. விற்கும்போது சுமார் 500 கோடி பவுண்டு கடனைத் தள்ளுபடி செய்து, கைச்செலவுக்கும் கொடுத்து அனுப்பியது. இன்று அந்தக் கம்பெனிகளின் மொத்தக் கடன் 6,000 கோடி பவுண்டுக்கும் மேல். இடைப்பட்ட காலத்தில் பங்குதாரர்களுக்குப் பல்லாயிரம் கோடி போய்ச் சேர்ந்திருக்கிறது. கடைசியாகக் கட்டி முடித்த பெரிய நீர்த்தேக்கம் டார்பிஷயரின் கார்சிங்டன், 1992-இல். கிழக்கு லண்டனின் பெக்டனில் வறட்சிக்கென்றே கடல் முகத்துவார நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்றை 25 கோடி பவுண்டு செலவில் 2010-இல் திறந்தார்கள். 2022-இல் லிங்கன்ஷயரில் வெயில் 40.3 டிகிரியைத் தொட்டு, தேம்ஸ் நதி பிறக்கும் இடமே மைல்கணக்கில் காய்ந்து கிடந்தபோது அந்த ஆலை வேலை செய்யவில்லை. தடை மட்டும் ஆகஸ்ட் 24 அன்று ஒழுங்காக வந்து சேர்ந்தது. 2025-இல் ஏப்ரலிலேயே தண்ணீர் பில் சராசரியாக 26 சதவீதம், ஆண்டுக்கு 123 பவுண்டு, ஏறியது. மே மாதம் தேம்ஸ் வாட்டருக்கு 12.27 கோடி பவுண்டு அபராதம், பெரும்பகுதி சாக்கடையை ஆற்றில் விட்ட வகையில். ஜூலையில் உங்கள் அக்காவுக்கு ஹோஸ் தடை. இந்த மூன்றும் நான்கே மாதத்துக்குள். போதாக்குறைக்கு ஆகஸ்டில் அரசாங்கம், தண்ணீரை மிச்சம் பிடிக்கப் பழைய ஈமெயிலையும் போட்டோவையும் அழியுங்கள், டேட்டா சென்டரைக் குளிர்விக்கத் தண்ணீர் செலவாகிறது என்று ஆலோசனை சொன்னது. நாடே சிரித்தது.

1976-இன் பெரிய வறட்சியை வயதானவர்கள் இன்றும் ஓர் ஏக்கத்தோடு சொல்வார்கள். சில பகுதிகளில் தெருக்குழாயில் குடம் பிடிக்கும் நிலை. "தண்ணீரைச் சேமி, தோழரோடு குளி" என்று வாசகம். டெனிஸ் ஹோவெல் என்பவரை வறட்சி அமைச்சராக நியமித்தார்கள். நியமித்த சில நாளில் மழை பிடித்துக்கொண்டு, கடைசியில் வெள்ளமும் வந்தது. அன்றும் முணுமுணுப்பு இருந்தது. ஆனால் கஷ்டம் எல்லோருக்கும் பொது, தண்ணீர் வாரியமும் பொது. யார் பையும் நிரம்பவில்லை.

தனியாருக்குப் போன பிறகு வந்த 1995 வறட்சியில் யார்க்‌ஷயர் அனுபவம் வேறு மாதிரி. நூற்றுக்கணக்கான டேங்கர் லாரிகள் இரவும் பகலுமாக மேற்கு யார்க்‌ஷயருக்குத் தண்ணீர் அடித்தன. கம்பெனியின் தலைமை அதிகாரி, தான் மூன்று மாதமாகத் தொட்டிக் குளியலோ ஷவரோ போடவில்லை என்று பெருமையாகச் சொன்னார். தடை இல்லாத பக்கத்து வட்டாரத்தில், உறவினர் வீட்டில் போய்க் குளித்திருக்கிறார் என்று பத்திரிகைகளில் பிறகு வந்தது. அந்த அவமானமும் மக்கள் கோபமும் வீண் போகவில்லை. 1997-இல் துணைப் பிரதமர் ஜான் பிரெஸ்காட் எல்லாக் கம்பெனிகளையும் கூட்டி உட்காரவைத்து, கசிவுக்குக் கட்டாய இலக்கு வைத்தார். தொண்ணூறுகளின் நடுவில் இருந்த உச்சத்திலிருந்து கசிவு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது அதன் பிறகுதான். பெரிய இறக்கம் அந்த முதல் சில ஆண்டுகளில் வந்தது. அப்புறம் வெகுகாலம் அப்படியே நின்றுவிட்டது.

இன்னொரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். எல்லாத் தட்டுப்பாடும் வறட்சி இல்லை. 2023 ஜூனில் கென்ட், சசெக்ஸ் கிராமங்களில் குழாய் வறண்டது, சில பள்ளிகளை மூடினார்கள், பாட்டில் தண்ணீருக்குக் காரில் வரிசை நின்றது. அந்த மார்ச்சில்தான் மழை கொட்டியிருந்தது; நிலத்தடியில் தண்ணீர் இருந்தது. சுத்திகரித்து மேட்டுத் தொட்டிக்கு ஏற்றும் வேகம், மாலை நேரத் தேவைக்கு ஈடுகொடுக்கவில்லை. சவுத் ஈஸ்ட் வாட்டர் தலைவர் வாடிக்கையாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், வீட்டிலிருந்து வேலை பார்ப்பதும் முக்கியக் காரணம் என்றார். கொரோனா வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதே கம்பெனியின் டன்பிரிட்ஜ் வெல்ஸ் பகுதியில் 2025 நவம்பர் கடைசியில், நல்ல ஈரக் குளிரில், சுத்திகரிப்பு நிலையக் கோளாறால் 24,000 வீடுகளுக்கு நாள்கணக்கில் தண்ணீர் இல்லை. இதற்கெல்லாம் வானத்தைக் கைகாட்ட முடியாது.

ஆனால் பொதுஜனமும் முழுக்கச் சுத்தம் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் அக்கா வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் அபிங்டனுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய நீர்த்தேக்கம் கட்டுவதாகத் தேம்ஸ் வாட்டர் வெகுகாலமாகச் சொல்லிவருகிறது. சுற்று வட்டாரம் முழுக்க எதிர்ப்பு. பொது விசாரணைக்குப் பிறகு 2011-இல் அரசாங்கம் நிராகரித்தது. இப்போது 15,000 கோடி லிட்டர் கொள்ளளவில் மறுபடி வந்திருக்கிறது, எதிர்ப்பும் கூடவே வந்திருக்கிறது. விளைநிலமும் வீடும் போகிறவர்களின் வேதனை நிஜமானது. ஆனால் அணையும் வேண்டாம், பில்லும் ஏறக் கூடாது, ஹோஸும் நிற்கக் கூடாது என்றால் தண்ணீர் எங்கிருந்து வரும்? இங்கிலாந்து வீடுகளில் ஏறத்தாழ 60 சதவீதத்தில்தான் மீட்டர் இருக்கிறது. மற்றவர்கள் வீட்டின் பழைய வரி மதிப்பை வைத்து ஒரே தொகை கட்டிவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் திறந்துவிடலாம். மீட்டர் வைக்கலாம் என்றாலே ஊர் இரண்டுபடும்.

ஆறுகள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. ஹாம்ப்‌ஷயரின் டெஸ்ட், இட்சன் மாதிரி சுண்ணாம்புப் பாறையில் ஊற்றெடுத்து ஓடும் தெளிந்த ஓடைகள் உலகத்திலேயே அபூர்வம், பெரும்பாலானவை இங்கிலாந்தில்தான். வறட்சியில் அவற்றிலிருந்து கூடுதலாக எடுக்கக் கம்பெனி தனி அனுமதி கேட்க வேண்டும். மக்களிடம் முதலில் சிக்கனம் கேட்டாயா என்று அதிகாரிகள் பார்ப்பார்கள். அதாவது சில சமயம் ஹோஸ் தடை என்பது ஆற்றில் கைவைப்பதற்கு முன் தாண்ட வேண்டிய படி. இதை ஒரு கடிதத்திலாவது இப்படிப் பச்சையாக எழுதியிருந்தால் பாதிப் பேர் சமாதானம் ஆகியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

இனி அக்காவின் பூசணி. தடை ஹோஸுக்குத்தான், தண்ணீருக்கு இல்லை. பூவாளி, வாளி, சொம்பு எதில் வேண்டுமானாலும் குழாய்த் தண்ணீரையே ஊற்றலாம். காலையில் சீக்கிரம், இலைமேல் இல்லாமல் வேரடியில் ஊற்றச் சொல்லுங்கள். காய்கறி கழுவிய தண்ணீர், குளித்த தண்ணீர், கூரையிலிருந்து பீப்பாயில் பிடித்த மழைத் தண்ணீர் இவற்றை ஹோஸில் விட்டால்கூடத் தடை பொருந்தாது, அது கம்பெனிக் குழாயில் வந்தது இல்லையே. பீப்பாயைக் குளிர்காலத்திலேயே வாங்கி வைத்துவிடுவது நல்லது. தடை அறிவித்த வாரத்தில் கடையில் கிடைக்காது. சொட்டுநீர்க் குழாய், அழுத்தம் குறைக்கும் வால்வும் டைமரும் பொருத்தியிருந்தால், பல கம்பெனிகளில் விலக்கு உண்டு. கார் நிறுத்தச் சலுகைக்கான நீல அட்டை (ப்ளூ பேட்ஜ்) வைத்திருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பெரும்பாலும் விலக்கு கொடுக்கிறார்கள். விதி கம்பெனிக்குக் கம்பெனி மாறும், இணையதளத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளட்டும்.

வீட்டில் கைக்குழந்தையோ, முதியவரோ, நோயாளியோ இருந்தால் முன்னுரிமைச் சேவைப் பதிவேட்டில் இப்போதே பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். இலவசம்தான், குழாய் நின்றால் பாட்டில் தண்ணீர் வீட்டு வாசலுக்கு வரும். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு தண்ணீர் மீட்டரைப் படித்து வைத்து, விடிந்ததும் மறுபடி பார்க்கட்டும். முள் நகர்ந்திருந்தால் வீட்டு எல்லையிலிருந்து உள்ளே வரும் குழாயில் ஓட்டை இருக்கலாம். அந்தத் துண்டு வீட்டுக்காரர் பொறுப்பு. ஆனாலும் முதல் தடவை இலவசமாகவே சரிசெய்து கொடுக்கும் கம்பெனிகள் உண்டு, பிளம்பரைக் கூப்பிடுவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடட்டும்.